எண்ணில் அடங்காத கடன்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூர் வந்த குடும்பங்களில் ஒரு கேள்வி நாள்தோறும் ஒலிக்கும். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றுமுன், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்போம். நிலமும் இல்லை, செல்வாக்குள்ள சுற்றமும் இல்லை, எண் ஒன்றே நம் பிள்ளைகளுக்கு ஊன்றுகோல் என்று நம்பி வாழ்ந்தவர்கள் நாம். ஈஜிபுராவின் குறுகிய தெரு ஒன்றில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் மகளை வளர்த்தேன். அதே கேள்வியை உலகம் அவளிடம் வேறொரு வடிவில் கேட்ட நாளில்தான் அதன் கூர்மை என் நெஞ்சில் தைத்தது.

அவள் மூலக்கூற்று உயிரியல் பயின்றவள். உயிரணுவுக்குள் இயங்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய ஆறாண்டுகள் உழைத்தாள். சில ஆண்டுகளுக்கு முன், ஆராய்ச்சிப் பணி ஒன்றுக்கான நேர்காணலுக்குச் சென்று மாலையில் திரும்பியவள், உள்ளே வராமல் வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டாள்.

“என்னம்மா கேட்டார்கள்?” என்றேன்.

“என் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள் அப்பா. சொன்னேன். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.”

சிறிது நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கோரமங்கலாவில் எத்தனையோ கணினி நிறுவனங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுகிறேன். இந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்” என்றாள்.

அன்றிரவு எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ஆயினும், அவளை மௌனமாக்கிய அந்த எண்ணோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. நான் விஞ்ஞானி அல்லேன். நகரின் வடபுறத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சி நூலகத்தில் 1973இல் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, புத்தகம் சுமந்து, கிழிந்தவற்றை ஒட்டி, பைண்டுக்கு அனுப்பி, பின்னர் நூலக உதவியாளனாக உயர்ந்து ஓய்வு பெற்றவன். ஈஜிபுராவிலிருந்து சிவாஜிநகர் சென்று, அங்கே பேருந்து மாறிப் போய் வருவதிலேயே ஆயுளில் ஒரு பகுதி கழிந்தது. அந்த நூலகத்தின் ஒரு நீண்ட அடுக்கில்தான் மேற்கோள்களின் கணக்கு வீற்றிருந்தது.

‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்பது அதன் பெயர். தடித்த தொகுதிகள், மெல்லிய தாள், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. முதியவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்பார்கள். ஒரு கட்டுரையை எழுதியவர் பெயரைத் தேடினால், அதனைப் பின்னாளில் யார் யார், எந்த இதழில் எடுத்துக்காட்டினர் என்பது வரிசையாக இருக்கும். இதனை உருவாக்கியவர் அமெரிக்கராகிய யூஜீன் கார்ஃபீல்டு. வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எவ்வாறு எடுத்தாண்டன என்று அறிவதற்கு ‘ஷெப்பர்டு’ அட்டவணையை 1873 முதல் பயன்படுத்தி வந்தனர். அம்முறையை அறிவியலுக்கும் கொண்டுவரலாம் என்று கார்ஃபீல்டு 1955இல் எழுதினார். 1963இல் முதல் அட்டவணை வெளிவந்தது. 613 இதழ்களிலிருந்து ஏறத்தாழ 14 இலட்சம் மேற்கோள்கள் அதில் திரட்டப்பட்டிருந்தன.

அவர் நோக்கம் தேடுவோருக்கு வழிகாட்டுவதே. ஒரு கருத்து எங்கே பிறந்தது, யார் கைக்குச் சென்றது, எங்கே திருத்தம் பெற்றது என்று தடம் பிடித்துச் செல்ல அது உதவிற்று. ஆனால் நான் கண்ட காட்சி வேறு. புதிய தொகுதி வந்து சேர்ந்த வாரத்தில் பெரிய பெரிய அறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவர், அக்கம்பக்கம் பார்ப்பர், தம் பெயர் உள்ள பக்கத்தைப் புரட்டிப் பென்சில் முனையால் வரிகளை எண்ணுவர். அந்நாளில் பள்ளியிறுதித் தேர்வு முடிவு வெளியாகும் விடியற்காலையில், செய்தித்தாளை விரித்துத் தம் எண்ணைத் தேடிய மாணவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே முகம், அதே நடுக்கம். வழிகாட்டியாகப் பிறந்தது அதற்குள்ளாகவே தராசாக மாறத் தொடங்கியிருந்தது.

நூலகத்தில் எண்ணுவது நமக்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, பிற்காலத்தில் இதே பெங்களூரில் வாழ்ந்து 1972இல் மறைந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலக நடைமுறைகளை அளந்தறிய ஒரு துறை வேண்டும் என்று 1948லேயே இங்கிலாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் எடுத்துரைத்தவர். ஆனால் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே உள்ளன என்பது. பயன் முதலில், எண்ணிக்கை பின்னர். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதே பிற்காலத்தின் குற்றம் என்பேன்.

மேற்கோளின் அருமையைத் தமிழரைவிட அறிந்தவர் யார்? அடியார்க்குநல்லாரும் நச்சினார்க்கினியரும் பிறரும் தம் உரைகளில் எடுத்துக்காட்டியிராவிடில், பல நூல்களின் பெயர்கூட நமக்கு எஞ்சியிராது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது, உரையில் ஆளப்பட்ட நூல்களையும் தேடித் தொகுத்துக் காட்டினார். வளையாபதியின் சில பாடல்களேனும் நமக்கு எஞ்சியிருப்பது பிறர் எடுத்தாண்டதாலும் தொகுத்து வைத்ததாலுமே. மேற்கோள் என்பது நம் மரபில் இறந்துபட்ட நூலுக்கு உயிர்மூச்சு.

ஆயினும் அதே மரபில் இன்னொரு வழக்கும் உண்டு. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவர்களின் கருத்துகளைச் சொல்லுமிடமெல்லாம் ‘என்ப’ என்றும், ‘என்மனார்’ என்றும் முடிப்பார். யார் சொன்னார் என்று பெயர் கூறார். மறந்து கூறாமல் விட்டதன்று. அக்கருத்து ஒருவரின் உடைமை என்ற நிலையைக் கடந்து, எல்லார்க்கும் பொதுவான அறிவாகிவிட்டது என்பதே பொருள். பெயர் சொல்லிச் செலுத்தும் கடன் ஒன்று; ‘என்ப’ என்று செலுத்தும் கடன் மற்றொன்று. எண்ண வல்லது முதற்கடனை மட்டுமே.

இதனை என் மகளுக்கு எவ்வாறு விளக்குவது என்று எண்ணியபோதுதான், ஜி. என். ராமச்சந்திரனின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவரை நேரில் கண்டு பேசியவன் அல்லேன். அவர் எழுதிய பக்கங்களைத் தூசு தட்டி அடுக்கியவன். அவ்வளவே என் உறவு.

அவரும் நம்மைப்போல் இடம் பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான். பெயரின் முன்னெழுத்தில் நிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஊர். அவர் பிறந்தது 1922இல், எர்ணாகுளத்தில். தந்தையார் அங்கே கணிதப் பேராசிரியர். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மின்பொறியியல் படிக்க வந்தார். அவருடைய திறமையைக் கண்ட சர் சி. வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு அவரை இழுத்துக்கொண்டார். பின்பு கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியவர், 1952இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையின் தலைவரானார்.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சின் இடையே குறிப்பிட்டார். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலிமை தருவது கொலாஜன். அண்டை வீடாக இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர். 1954இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்றனர். அடுத்த ஆண்டு, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன என்று திருத்தினர். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் முப்பிரிச் சடையையும், கிணற்றடித் தாம்புக் கயிற்றையும் நினைத்துக்கொண்டால் அதன் வலிமையின் இரகசியம் விளங்கும்.

உடனே மேற்கோள் வந்தது. ஆனால் அது பாராட்டாக வரவில்லை. டி.என்.ஏ.யின் வடிவம் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று மறுத்தனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் பின்னாளில் அவர்கள் கருத்தே நின்றது. மூவிழை முறுக்கு என்னும் அடிப்படையோ ராமச்சந்திரன் கண்டபடியே நிலைத்தது. மேற்கோள் அட்டவணையில் பாராட்டும் ஒன்று, மறுப்பும் ஒன்று. இரண்டும் ஒரே எடை. ஆனால் இங்கே ஒரு மறுப்பு செய்த பணியை ஆயிரம் பாராட்டும் செய்திராது.

மறுப்பைக் கேட்ட ராமச்சந்திரன் மனம் கசந்து ஒதுங்கவில்லை. ‘அளவுக்கு மீறிய நெருக்கம்’ என்கிறார்களே, அந்த அளவுதான் என்ன என்று கேட்டார். அதுவரை ஆராயப்பட்ட படிகங்களையெல்லாம் திரட்டி, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே இயற்கை எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று தம் மாணவர்களுடன் கணக்கெடுத்தார். அதிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் சங்கிலி திரும்பலாம். அவ்விரு கோணங்களுக்கும் ஃபை, சை என்று கிரேக்க எழுத்துகளால் பெயர். ஒரு கோணத்தைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் வைத்துச் சதுரம் வரைந்தால், சங்கிலி வளையக்கூடிய வகைகள் எல்லாம் அச்சதுரத்தில் புள்ளிகளாக அடங்கும். ஆனால் எல்லாப் புள்ளிகளும் இயலுவன அல்ல. பலவற்றில் அணுக்கள் மோதிக்கொள்ளும். எந்தெந்த இடம் இயலும், எது இயலாது என்று ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் மேசைக் கணக்கிடு பொறியைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியாகக் கணக்கிட்டனர். இசைவான பகுதி சதுரத்தில் கால் பங்குக்கும் குறைவாகவே இருந்தது. சில தீவுகள், சுற்றிலும் விலக்கப்பட்ட கடல். 1963இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’யின் ஏழாம் தொகுதியில் இது வெளிவந்தது. 95ஆம் பக்கத்தில் தொடங்கி 99ஆம் பக்கத்தில் முடிகிறது. ஐந்தே பக்கங்கள்.

அணுவளவில் வடிவம் தெரிந்த புரதம் அன்று உலகில் ஒன்றோ இரண்டோதான். இன்று புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேல் உள்ளன. அக்களஞ்சியம் தொடங்கிய 1971ஆம் ஆண்டிலேயே, சதீஷ் தவானின் அழைப்பை ஏற்று, ராமச்சந்திரன் பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். புதிய வடிவம் எதுவாயினும், அது சரியா தவறா என்று சோதிக்க அந்தச் சதுரத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். புள்ளிகள் தீவுகளில் விழுந்தால் நன்று. கடலில் விழுந்தால் எங்கோ பிழை நேர்ந்திருக்கலாம். 2024இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற கணினிவழிக் கணிப்பு முறைகள் தரும் வடிவங்களையும் இதே சதுரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

எங்கள் நூலகத்தில் அந்த ஏழாம் தொகுதி இருந்தது. அதனை நான் இருமுறை மறு பைண்டுக்கு அனுப்பினேன். மூடிய புத்தகத்தின் வெட்டு விளிம்பைப் பார்த்தால், எந்தப் பக்கங்கள் மிகுதியாகத் திறக்கப்பட்டன என்பது நூலக ஊழியனுக்குத் தெரியும். அங்கே விரலழுக்குக் கோடாகப் படிந்திருக்கும். அத்தொகுதியில் முன்பகுதியில் ஒரு கருங்கோடு. 95 முதல் 99 வரை. அந்தக் கோட்டை எந்த அட்டவணையும் அச்சிடவில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது இவற்றையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். என்னைவிட அவளுக்கே அந்தச் சதுரம் நன்கு தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென எழுந்து சென்று, தன் கட்டுரையைக் கொண்டுவந்து, இறுதிப் பக்கங்களில் இருந்த மேற்கோள் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தாள். இருமுறை பார்த்தாள்.

“அப்பா, ஆறு வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்காத நாளே இல்லை. ஆனால் அவருடைய கட்டுரையை நான் மேற்கோள் காட்டவில்லை. சோதித்துத் தரும் கணினி நிரலின் பெயரைத்தான் காட்டியிருக்கிறேன்.”

அவள் நன்றி மறந்தவள் அல்லள். செய்ந்நன்றியறிதலை மனப்பாடம் செய்வித்தே வளர்த்தோம். ராமச்சந்திரன் அவளுக்கு ‘என்ப’ ஆகிவிட்டார். அந்த ஐந்து பக்கங்களைப் பல்லாயிரவர் பெயர் சொல்லி எடுத்தாண்டது உண்மை. பெயர் சொல்லாமல் பயன்கொண்டவர் அவர்களினும் பலராக இருப்பர் என்பதற்கு என் வீட்டிலேயே சான்று கிடைத்தது.

இதன் மறுபுறமும் உண்டு. உலகிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி 1951இல் தந்த செய்முறை. மூன்று இலட்சம் தடவைக்கு மேல். அது தம் சிறந்த பணியன்று என்பதை லௌரியே ஒப்புக்கொண்டவர். 1953இல் வெளிவந்த டி.என்.ஏ. கட்டுரையோ, 2014இல் எடுத்த கணக்கின்படி முதல் நூற்றில்கூட இல்லை. இன்னும் ஒருவர் ஆலன் கார்மாக். உடலின் உட்பகுதியைக் கதிர்வீச்சால் கூறு கூறாகக் காணும் கணக்கை 1963இலும் 1964இலும் எழுதினார். ஏறத்தாழ எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1979இல் அதற்கே நோபெல் பரிசு கிடைத்தது. அதே துறையில் கணிப்பை விரைவாக்கும் வழியை 1971இல் ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் தந்தனர். இன்று மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எண்ணே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. பரிந்துரை செய்ய ஆளில்லாத ஈஜிபுராப் பிள்ளைக்கு, வேண்டியவர் வேண்டாதவர் பாராத எண் ஒரு துணைதான். மதிப்பெண்ணின் கையைப் பிடித்துத்தானே நாமும் மேலேறினோம்? 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர், ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கும் முறையைச் சொன்னார். இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் பெற்றிருந்தால் அவர் எண் இருபது. எளிய கணக்கு, எளிமையே அதன் ஆபத்து. கட்டுரையைப் படிக்கும் உழைப்பை அது மிச்சப்படுத்திவிடுகிறது. இதனை உணர்ந்த விஞ்ஞானிகள் 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடி, இதழின் எண்ணைக் கொண்டு ஆளை எடைபோடாதீர்கள், ஆராய்ச்சியையே படித்துப் பாருங்கள் என்று அறிக்கை வகுத்தனர். என் மகளைக் கேள்வி கேட்டவர்கள் அவளுடைய கட்டுரையின் முதல் பக்கத்தையேனும் படித்திருந்தால், எண் குறைவென்று மறுத்திருந்தாலும், எனக்கு வருத்தம் இராது.

ராமச்சந்திரனுக்கு நோபெல் பரிசு கிடைக்கவில்லை. 1977இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் என்னும் சிறப்பும், 1999இல் படிகவியலாரின் எவால்டு பரிசும் வந்தன. நோயாலும் மனைவியாரின் மறைவாலும் தளர்ந்திருந்த அவர், 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அந்தச் சதுரமோ நாள்தோறும் திறக்கப்படுகிறது.

என் மகள் கணினி நிறுவனத்துக்குச் செல்லவில்லை. ஓராண்டுக்குப் பின் வேறோர் ஊரில், சம்பளம் குறைந்த ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தாள். அவள் எண் இப்போது எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. அடுத்து எழுதிய கட்டுரையின் பட்டியலில் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சேர்த்துவிட்டதாக மட்டும் ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்.

அவள் முனைவர் பட்ட ஆய்வேடு என் மேசையில் இருக்கிறது. அறிவியற் பக்கங்கள் எனக்கு விளங்கா. நன்றியுரைப் பக்கம் ஒன்றே விளங்கும். அதில் தன் ஆசிரியர்களை அடுத்து, தாத்தாவின் பெயரை எழுதியிருக்கிறாள். என் தந்தையார் திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து உளியும் சுத்தியலுமாக இவ்வூருக்கு வந்தவர். அப்போது ஈஜிபுரா நகரத்தை அடுத்த ஒரு கிராமம். வீடுகளின் கடைக்காலுக்குக் கல் உடைத்துக் கொடுத்தே குடும்பம் காத்தார். அவர் உடைத்த கற்கள் எந்தெந்த வீடுகளின் கீழ்க் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அவற்றின் மேல் உறங்குவோருக்கும் தெரியாது.

நன்றியுரைப் பக்கத்தை மேற்கோள் அட்டவணைகள் கணக்கில் கொள்வதில்லை. நூலக ஊழியனாகிய நான் அதனை நன்கு அறிவேன். ஆயினும் அந்த ஆய்வேட்டின் வெட்டு விளிம்பில் இப்போது மெல்லிய கருங்கோடு ஒன்று படிந்திருக்கிறது. அது என் விரலழுக்கு.